கோட்டைக்கு மேலே நட்சத்திரம்: கைபேசியிலேயே எடுக்கலாம்!

(இளைஞர்களுக்கான ஒளிப்படப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எங்க ஊர்ல ராத்திரி வானமே வெளுத்துப்போய்க் கிடக்கு. இதுல நட்சத்திரத்தை எப்படிங்க படம் எடுக்கிறது?" இரவு வான்படம் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. மேல்நோக்கிப் போகும் விளக்கு வெளிச்சம், காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி வானத்தில் ஒரு திரை போட்டுவிடுகிறது. 2016-ல் வெளியான ஓர் உலக ஆய்வின்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குத் தங்கள் இடத்திலிருந்து பால்வெளி மண்டலம் தெரிவதே இல்லை.

அதுக்காகக் கேமராவை மூடி வைக்க வேண்டாம். எங்கே நிற்கிறோம், எந்தத் திசையைப் பார்க்கிறோம், எதை எடுக்கிறோம் என்ற மூன்றையும் முடிவு செய்தாலே பாதி வேலை முடிந்தது. செஞ்சிக் கோட்டையை வைத்தே பார்ப்போம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, நம்ம விழுப்புரம் மாவட்டக் கோட்டை.

எங்கே, எந்தத் திசை?

செஞ்சி நகரம் கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. அதனால் நகரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மேற்கே ராஜகிரியைப் பாருங்கள். தெருவிளக்கு கண்ணில் அடித்தால் ஒரு மரமோ, பாறையோ, சுவரோ அதை மறைக்கும்படி நாலு அடி தள்ளி நில்லுங்க. செலவே இல்லாத வழி இது.

ஏப்ரல் மாதம் இரவு எட்டு மணிக்கு மேல், மேற்கு வானில் ஓரியன் மண்டலம் இறங்கிக்கொண்டிருக்கும். பஞ்சாங்கத்தில் நாம் படிக்கும் திருவாதிரை அதில்தான் இருக்கிறது. இவை பிரகாசமான நட்சத்திரங்கள். ஊர் வெளிச்சத்தையும் தாண்டித் தெரியும். பால்வெளிதான் வேண்டும் என்றால் அமாவாசையை ஒட்டிய நாளில், ஊரை விட்டுத் தள்ளிப் போகத்தான் வேண்டும்.

வட்டமிடும் நட்சத்திரங்கள்

வெளிச்சம் உள்ள இடத்துக்கு ஏற்ற இன்னொரு படம், நட்சத்திரத் தடம். திருவண்ணாமலை சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி மலை. துருவ நட்சத்திரம் செஞ்சியிலிருந்து வடக்கே சுமார் 12 பாகை உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது ஏறத்தாழ 10 பாகை. அதற்குக் கொஞ்சம் மேலே பாருங்கள்.

ஒரே படத்தை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் வானம் முழுக்க வெளுத்துவிடும். அதற்குப் பதில் 15 விநாடிப் படங்களாக இடைவெளி விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு மணி நேரத்தில் சுமார் 240 படங்கள். ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற இலவச கணினி மென்பொருளில் அவற்றைச் சேர்த்தால், ஒவ்வொரு நட்சத்திரமும் 15 பாகை வில்லாகத் தெரியும். பூமி சுற்றுவதை நீங்களே படம் பிடிச்சாச்சு!

கைபேசியில் என்ன மாற்றணும்?

புரோ மோடுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 400-லிருந்து 800, ஷட்டர் 10 முதல் 15 விநாடி, ஃபோகஸ் முடிவிலி, ரா ஃபார்மட் இருந்தால் அதையே வையுங்கள். வானம் வெளுத்தால் முதலில் ஐஎஸ்ஓ-வைக் குறைத்துப் பாருங்கள். டைமர் போட்டால் கை பட்டுப் படம் ஆடாது. எந்த நட்சத்திரம் எந்நேரம் எங்கே இருக்கும் என்பதை ஸ்டெல்லேரியம் செயலி காட்டும்.

விதிகளை மறக்காதீங்க

தொல்லியல் துறைச் சின்னங்கள் பெரும்பாலும் மாலையில் மூடப்படும். மூடியபின் சுவர் ஏறிக் குதிப்பது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. பொது இடத்தில், சாலையை விட்டு விலகி நின்று எடுங்கள். வளாகத்துக்குள் ட்ரைபாட் வைக்க இந்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி தேவை. கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே கோபுரத்தை வெளியிலிருந்தே எடுங்கள். தனியாகப் போக வேண்டாம். அவசரம் என்றால் 112, அல்லது காவல் உதவி செயலி.

படத்தோடு நிற்க வேண்டாம்

ராஜகிரி உச்சியில் காவல் இருந்தவர்கள் பார்த்த நட்சத்திரங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. மறைப்பது நம்ம விளக்குகள். இரவு வானத்தைக் காக்கும் முயற்சியாக, கொல்லிமலையில் இருள் வானப் பூங்கா அமைக்கத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது. ஆனால் எல்லோரும் கொல்லிமலைக்குப் போக முடியாதே? அவரவர் தெருவிலும் செய்ய வேலை இருக்கிறது.

விளக்கை அணையுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. இருட்டில் நடந்து வீடு திரும்பும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். அந்த வெளிச்சம் தரையில் விழட்டும், வானத்துக்குப் போக வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. மேல்பக்கம் மூடிய விளக்கு போதும். வெண்ணீல வெளிச்சம் காற்றில் அதிகம் சிதறும். மஞ்சள் கலந்த வெளிச்சம் குறைவாகச் சிதறும். உங்கள் வீட்டு மாடி விளக்கிலிருந்தே தொடங்கலாம்.

தெருவிளக்கு வானத்தைப் பார்த்து எரிகிறதா, பகலிலும் எரிகிறதா? முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சிப் பகுதி என்றால் 1913. கம்பத்தின் எண், தெருப்பெயர், ஒரு படம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்கள் எடுத்த வான்படத்தையும் சேர்த்து உங்கள் உள்ளாட்சி உறுப்பினரிடம் காட்டுங்கள். எதைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்பது அவருக்கும் உடனே புரியும்.