பூமிக்குள் பார்க்கும் கருவி



மை போட்டுப் பார்த்துப் புதையல் சொல்லும் மந்திரவாதியை நீங்கள் அறிவீர்கள். அவன் பேச்சை நம்பி ஆட்டையும் கோழியையும், சில சமயம் மனித உயிரையுமே பலி கொடுத்த கொடுமையையும் அறிவீர்கள். இன்று நாம் பேச வந்தது, உண்மையாகவே மண்ணுக்குள் பார்க்கும் ஒரு கருவியைப் பற்றி. தரையை ஊடுருவும் ரேடார் என்பது அதன் பெயர்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கருவி ரேடியோ அலையைப் பூமிக்குள் அனுப்புகிறது. உள்ளே கல்சுவரோ, தளமோ, வெற்றிடமோ இருந்தால் அலையில் ஒரு பகுதி மோதித் திரும்புகிறது. திரும்பிய நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். ஈரக் களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் அலை சீக்கிரம் அடங்கிவிடும். இக்குறையை விஞ்ஞானி மறைப்பதில்லை. எந்த மந்திரவாதியாவது தன் மை பலிக்காத இடத்தை முன்கூட்டிச் சொன்னதுண்டா?

ரோமாபுரிக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஃபலேரி நோவி என்றொரு பழம்பட்டணம். கி.மு. 241-ல் எழுந்தது, பிற்காலத்தில் பாழாகி மண் மூடிப் போயிற்று. கேம்பிரிட்ஜ், கெண்ட் சர்வகலாசாலையார் மதிலுக்குள்ளிருந்த 30.5 ஹெக்டேர் நிலத்தையும் ரேடாரால் அளந்து 2020-ல் படம் வெளியிட்டார்கள். மண்வெட்டி எடுக்காமலே சந்தை, கோயில், குளிப்பதற்கான பெரிய கட்டடம், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் தெரிந்தன.

இனி எகிப்து சங்கதி. டூட்டன்காமன் அரசனுடைய கல்லறைச் சுவருக்கப்பால் நெஃபர்டிட்டி ராணியின் அறை இருக்கலாமென்று 2015-ல் நிக்கோலஸ் ரீவ்ஸ் என்ற அறிஞர் சொன்னார். அவ்வருஷமே ரேடார் சோதனை நடந்தது. மறைந்த அறை இருப்பது 90 சதவிகிதம் நிச்சயமென்று எகிப்தின் புராதனச் சின்ன மந்திரியே பேசினார். ஆனாலும் சந்தேகப்பட்டவர்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. 2018-ல் இத்தாலியின் தூரின் தொழிற்கலாசாலையார் மூன்று ரேடார்களைக் கொண்டு பார்த்து, அச்சுவர்களை ஒட்டி அறை எதுவுமில்லை என்றார்கள். எகிப்து சர்க்காரே அதை உலகுக்கு அறிவித்தது.

தோழர்களே! அலை திரும்பிற்று என்பது மட்டுமே கருவி சொல்லுவது. அது ராணியின் அறை என்று சொல்லுவது மனிதன். ஆசை புகுவது அங்கேதான். ஆகையால் கருவியையும் கும்பிட வேண்டாமென்கிறோம். யார் சொன்னாலும், எப்படி அறிந்தாய், வேறொருவர் மறுபடி சோதித்தாரா என்று கேளுங்கள். விஞ்ஞானி பதில் சொல்லுவான். மை போடுகிறவன் கோபித்துக் கொள்ளுவான். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய ஊரில் புதையலுக்காக ஒரு கோழியின் கழுத்துக்கூட அறுபடாது.