அடைத்த பல்லையும் கவனிப்போம்

(தென்சென்னைப் பள்ளி ஆசிரியர்களிடையே பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பற்களைப் பரிசோதித்தேன். கடைவாய்ப் பல்லில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொத்தையை அடைத்திருந்தார்கள். அந்த அடைப்பின் ஓரத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று தெரிந்தது. "காபிக் கறைதான் டாக்டர், அடைத்த பல்தானே?" என்றார் அவள் அம்மா. கருவியால் தொட்டுப் பார்த்தால், அடைப்புக்கும் பல்லுக்கும் இடையே இடைவெளி; உள்ளே மீண்டும் சொத்தை. அது பால்பல் அல்ல. ஆறு வயதையொட்டி முளைக்கும் நிரந்தரப் பல். அதை இழந்தால் வேறு முளைக்காது.

அடைப்பும் தேயும், கறை ஏறும். எந்தப் பொருளால் அடைத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

வெள்ளி நிற அமால்கத்தில் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். கறுத்தாலும் எளிதில் தேயாது. ஆனால் இந்தியா 2018இல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கையின்படி, மருத்துவர் அவசியம் எனக் கருதினாலன்றி 15 வயதுக்கு உட்பட்டோருக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

கிளாஸ் அயனோமர் என்பது கண்ணாடித் தூளும் அமிலமும் வினைபுரிந்து இறுகும் பொருள். நீங்கள் வகுப்பில் நடத்தும் அமில–கார வினைதான் இது! பல்லோடு தானே ஒட்டும். சிறிது சிறிதாக ஃபுளூரைடை வெளியிடும். மின்சாரம் இல்லாத இடங்களிலும் இதைக் கொண்டு கைக்கருவியாலேயே பல் அடைக்கலாம். ஆனால் மெல்லும் பரப்பில் சற்று விரைவாகத் தேயும்.

பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட், ரெசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்தது. நீல ஒளியில் இறுகும். தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் இறுகும்போது சிறிது சுருங்கும். அதிலுள்ள ரெசின் நீரை உறிஞ்சும். காபி, தேநீர், மஞ்சள் ஆகியவற்றின் நிறமும் கூடவே ஏறும். கரித்தூள், சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றால் தேய்த்தால் கீறல் விழும். கீறலில் கறை தங்கும்.

ஆகவே கறை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. அடைப்பின் மேற்பரப்பு முழுவதும் நிறம் மாறியிருந்தால் பெரும்பாலும் மெருகேற்றிச் சரிசெய்யலாம். ஓரத்தில் மட்டும் கோடாகத் தெரிந்தால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். எல்லாக் கோடும் சொத்தை அல்ல. ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது.

உங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். ஒரு பக்கமாகவே மெல்லும் பிள்ளையை, குளிர்ந்த நீர் பட்டால் முகம் சுளிக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். மதிய உணவுக்குப் பின் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். பெற்றோர் கூட்டத்தில், "பல் அடைத்த பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினீர்களா?" என்று கேளுங்கள். செலவுக்கு அஞ்சுவோருக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயிலோ, மாம்பலத்தில் மின்சார ரயிலோ ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே.

அந்தச் சிறுமியின் பல்லைக் காப்பாற்றிவிட்டோம். இன்னும் ஆறு மாதம் கழிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.