படர்தாமரைக்கு ட்யூப் வாங்கும் முன்…

வேங்கிக்கால் இலவச மருத்துவ முகாமில் நம் மருத்துவ அணித் தோழர் ஆற்றிய உரை:



படர்தாமரையைப் பற்றிப் பேச வந்திருக்கேன். இதையெல்லாமா மைக்ல பேசுறதுன்னு சிலர் சிரிக்கலாம். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வர்றதால யாரும் வெளியே சொல்றதில்லை. மெடிக்கல்ல போய் மெதுவா, "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க"ன்னு கேட்டு வாங்கிடுறோம். சிக்கல் அந்த ட்யூப்லதான் ஆரம்பிக்குது.

பல ட்யூப்ல பூஞ்சை மருந்தோட குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் கலந்திருக்கும். தடவின ரெண்டே நாள்ல அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ஆனா ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. அதை எதிர்க்கிற நம்ம உடம்பைத்தான் அடக்கும். உள்ளே பூஞ்சை நிம்மதியாப் பரவும். நிறுத்தினா இன்னும் பெரிசா வரும். மறுபடியும் அதே ட்யூப். தோல் மெலிஞ்சு வரி வரியா விழுந்துடும். அந்த வரி பிறகு போகாது.

இப்படி அரைகுறை வைத்தியத்துக்கு நடுவுல, மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை நம்ம நாட்டுல பரவியிருக்கு. 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதுக்கு வெச்ச பேர் ட்ரைக்கோபைட்டான் இந்தோட்டினியே. பேர்லயே இந்தியா ஒட்டிக்கிச்சு, பெருமைப்பட ஒண்ணுமில்லை. வழக்கமா கொடுக்கிற டெர்பினாஃபின், பூஞ்சையோட செல் சவ்வுக்குத் தேவையான ஒரு நொதியை முடக்கும். இந்தப் பூஞ்சையில பலவற்றுக்கு அந்த நொதியே உருமாறிப் போச்சு. பூட்டை மாத்தின வீட்டுக்குப் பழைய சாவி எதுக்கு? 2023-ல் நியூயார்க்கிலும் ரெண்டு பெண்களுக்கு இது இருந்ததா அமெரிக்க அரசே அறிவிச்சது. அதில் ஒருத்தர் வெளிநாடே போகாதவர். டெர்பினாஃபின் கேட்கலை, இட்ராகோனசோல் 4 வாரம் சாப்பிட்டுக் குணமானார்.

அப்போ வழி இருக்கு. தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தாலே பூஞ்சையான்னு தெரிஞ்சுடும். இட்ராகோனசோல் மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. இதயம், கல்லீரல் கோளாறு உள்ளவங்களுக்கு ஆபத்து; வேற மாத்திரைகளோடும் ஒத்துப்போகாம போகலாம். அரிப்பு நின்னதும் மருந்தை நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் எடுங்க. வீட்ல யாருக்கெல்லாம் இருக்கோ எல்லாரும் ஒண்ணா வைத்தியம் பார்க்கணும். கணவருக்கு மட்டும் மருந்து கொடுத்து, ஒரே துண்டை ரெண்டு பேரும் உபயோகிச்சா என்ன பிரயோசனம்? கிரிவலம் போய் வேர்த்து வந்தா குளிச்சு, நல்லாத் துவட்டி, காஞ்ச உள்ளாடை போடுங்க.

இன்னொண்ணு. பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கு. உங்களுக்குச் சீட்டு இல்லாமக் கொடுத்திருந்தா ட்யூப்பைத் தூக்கிப் போடாதீங்க, பில்லோட பத்திரமா வைங்க. கலெக்டர் ஆபீஸ் நம்ம வேங்கிக்கால்லதானே இருக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. மனு எழுத நம்ம தோழர்கள் கூட இருப்பாங்க.