உலாவியைக் கையால் நிறுவுதல்



நாகலாபுரம் என்றவுடன், மச்சாவதாரத் திருக்கோலத்தில் எழுந்தருளியுள்ள வேதநாராயணப் பெருமாளும், அன்னை நாகலாதேவியின் பெயரால் அவ்வூரை விளங்கச் செய்த கிருஷ்ணதேவராயரும் நினைவுக்கு வருதல் இயல்பு. 1960-இல் எல்லை திருத்தப்பெற்றபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நாகலாபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்துக்கு உரியது.

அவ்வூரில் நமக்கு வேண்டிய ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. பள்ளியில் தெலுங்கு பயிலும் பேத்திக்குத் தமிழ் எழுத்து அறிமுகமாவது, வீட்டிலுள்ள பழைய கணினியின் வாயிலாகத்தான். அதில் இயங்குவது யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ். அண்மையில் நாம் சென்றிருந்தபோது, பாட்டியார், “பாப்பா படிக்கிற பக்கமெல்லாம் திறக்கமாட்டேன் என்கிறதப்பா” என்றார். உலாவி மிகப் பழையது. இயங்குதளத்தின் பொதிக் களஞ்சியமும் மூடப்பட்டுவிட்டது. ஆகவே பயர்பாக்ஸ் உலாவியைக் கையாலேயே நிறுவ முற்பட்டோம்.

யூனிக்ஸுக்கு இது புதிய வழக்கம் அன்று. 1990-இல் டிம் பெர்னர்ஸ் லீ இயற்றிய முதல் உலாவியே யூனிக்ஸ் வழிவந்த நெக்ஸ்ட் கணினியில்தான் ஓடியது.

முதலில் கணினியின் இனத்தை அறிதல் வேண்டும். முனையத்தில் ‘யூநேம்’ கட்டளையை ‘எம்’ என்னும் குறியுடன் இட்டால், 64 பிட்டா, 32 பிட்டா என்பது விளங்கும். 2025 நவம்பரில் வெளிவந்த 145-ஆம் பதிப்பு முதல் 32 பிட் லினக்ஸுக்குப் பயர்பாக்ஸ் இல்லை. நல்வாய்ப்பாக, அக்கணினி 64 பிட்.

மொசில்லாவின் தளத்தில் தமிழ் இடைமுகத்துடன் கூடிய பதிப்பே கிடைக்கிறது. அக்கோப்பை மற்றொரு கருவியில் இறக்கி, விரலியில் கொணர்ந்தோம். வழியில் கோப்பு பழுதுபடவில்லை என்பதை உறுதிசெய்ய, உடன் வெளியிடப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுதல் நலம்; அலுப்பான வேலைதான், ஆயினும் விடத்தக்கதன்று. பின்னர் ‘டார்’ கட்டளையால் பொதியை அவிழ்த்தால், பயர்பாக்ஸ் என்னும் கோப்புறை ஒன்று தோன்றும். உலாவி முழுவதும் அதனுள்ளேயே அடங்கும்.

அதனை எங்கே வைப்பது? ‘ஆப்ட்’ என்னும் பொது இடத்தில் வைப்பார் பலர். அவ்விடம் நிர்வாகிக்கு உரியதாகலின், சாதாரணப் பயனர் கணக்கிலிருந்து உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள இயலாது. இல்லத்தில் வேறு வல்லுநர் இல்லாதபோது, பயனரின் சொந்தக் கோப்புறையில் வைப்பதே நமக்கு உகந்ததாகத் தோன்றியது. பட்டியலில் அதன் பெயர் தோன்ற, ‘டெஸ்க்டாப்’ என முடியும் சிறு கோப்பொன்றை எழுதி, பயன்பாடுகளுக்குரிய கோப்புறையில் இட்டோம்.

உலாவி திறந்தது, ஆனால் பேத்தியின் முகம் வாடிற்று. அவள் சேர்த்து வைத்திருந்த பக்கக்குறிகள் ஒன்றையும் காணோம்! நமக்கும் ஒரு கணம் திடுக்கிட்டது. ஒவ்வொரு நிறுவலும் தனக்கெனப் புதிய பயனர் விவரத்தை வகுத்துக்கொள்ளும் என்பதை மறந்திருந்தோம். பழையது அழியவில்லை, விவரங்களை மேலாளும் பக்கத்தில் அதனைத் தேர்ந்தெடுத்து, முந்தைய பதிப்பின் விவரத்தைப் புதிய உலாவி ஏற்றதும் அவை மீண்டன. எனினும், இம்மாற்றத்துக்குமுன் அக்கோப்புறைக்கு ஒரு படி எடுத்து வைப்பதே முறை.

இன்னும் ஒரு தடை எஞ்சியிருந்தது. தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவே தெரிந்தன. எழுத்துருவே அக்கணினியில் இல்லை. லோகித் தமிழ் எழுத்துருவைப் பயனரின் எழுத்துருக் கோப்புறையில் இட்டு, ‘எஃப்சி கேச்’ கட்டளையை ஓட்டி, உலாவியை மூடித் திறந்தோம்.

பேத்தி திரையில் தன் பெயரை ஒவ்வோரெழுத்தாகத் தட்டிப் பார்த்தாள். பாட்டியார் கண்ணாடியை எடுத்துவரச் சென்றார்.