பக்கத்தில் நின்ற பாலையா



படத்தின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் கதாநாயகனா, குணச்சித்திர நடிகரா என்பது தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய அம்மையார், "சுவரொட்டியிலே யார் முகம் இருக்கு? அதைப் பார்த்துத்தானே டிக்கெட் வாங்குறோம்?" என்று கேட்டார்கள். வாஸ்தவம்தாம்மா. கல்யாணப் பத்திரிகையிலேகூட மாப்பிள்ளை பேர்தான் பெரிசா இருக்கும். பந்தியிலே உட்கார்ந்த பிறகு நாம தேடுறது சமையல்காரரைத்தானே! (சிரிப்பு)

நான் டி.எஸ். பாலையாவை எடுத்துக்கிறேன். 1914-இல் பிறந்த நெல்லைச் சீமைக்காரர். நாடகமேடையிலே பழகி, 1936-இல் 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அதிலே எம்.ஜி.ஆருக்குச் சின்ன வேடம். பாலையாவுக்கு வில்லன் வேடம். இருபது வருஷம் கழிச்சு 'மதுரை வீரன்' வருது. எம்.ஜி.ஆர். வீரன்; பொம்மிக்கு ஆசைப்பட்டு அவரிடம் தோற்றுப்போகிற நரசப்பன், பாலையா. ஐயா, ஜெயிக்கிற மாதிரி யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். தோற்கத் தெரியணுமே!

1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தை, சின்ன வயசிலே டூரிங் டாக்கீஸ் மணலிலே உட்கார்ந்து பார்த்தேன். பாலையா ஹேமநாத பாகவதராகப் பாண்டியன் சபைக்கு வருகிறார். நடையிலே திமிர், பார்வையிலே திமிர். பாடினவர் பாலமுரளிகிருஷ்ணா, ஆனால் அந்தத் தலையாட்டலும் கையசைப்பும் பாலையாவுடையது. அன்று ராத்திரி, விறகுவெட்டியாக வந்த சிவபெருமான் திண்ணையிலே பாடுகிறார். 'பாணபத்திரர், உனக்குப் பாட்டு வராதுன்னு என்னைத் தள்ளிவிட்டார்' என்கிறார். அப்போ பாலையா முகத்தைப் பாருங்க. மிடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியிலே பயந்துபோன ஒரு மனுஷன் மட்டும் நிற்கிறான். சின்னப் பையனாக நான் கைதட்டிச் சிரித்தேன்.

இப்போ சிரிப்பு வரமாட்டேங்குது ஐயா. நான் முனைவர் பட்டம் வாங்கினவன். ஒருநாள் வகுப்பிலே ஒரு பாட்டுக்குப் பொருள் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "ஐயா, அது அப்படி இல்லைங்களே" என்றான். வீட்டுக்குப் போய் உரையைப் புரட்டினேன். அவன் சொன்னதுதான் சரி. கண்ணாடியிலே பார்த்தேன், பாலையா நின்றார்! (கைதட்டல்) மறுநாள் வகுப்பிலே என் தவறை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது.

'காதலிக்க நேரமில்லை', 1964. நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார், பாலையா கேட்கிறார். எல்லாரும் 'நாகேஷ் காமெடி' என்கிறோம். அங்கே பேய் இருக்கா? கிடையாது. நமக்குப் பேயைக் காட்டினது பாலையாவோட கண்ணு! அவர் நடுங்காவிட்டால் நாகேஷ் தனியாகப் புலம்பின மாதிரி ஆகியிருக்கும். வீட்டிலே இந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். என் மனைவி கீரை ஆய்ந்துகிட்டே கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு நாகேஷோட அதிர்ஷ்டம் புரிஞ்சுது. (சிரிப்பு)

1972-இல் பாலையா மறைந்தார். இன்றைக்கும் தொலைக்காட்சியிலே அந்தக் காட்சி வந்தால், எங்க வீட்டிலே கீரை நின்றுபோகும்.

நடுவர் மணியடிச்சிட்டீங்க. நான் பேசப் பேச நீங்க வச்சிருந்த முகம் இருக்கே, பாலையா பார்த்திருக்கணும்! (பலத்த சிரிப்பு)