ஊர் திரும்புமுன் இரண்டு நாள்



பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகுட்டிகளோடு மலாக்காவுக்கு வந்து, சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மூன்று வாரம் தங்கிப் போவது நம் குடும்பங்களுக்குப் பழக்கமான காரியம். வந்த புதிதில் நாள் போவதே தெரியாது. ஒரு நாள் கடற்கரை, ஒரு நாள் கல்யாண வீடு, ஒரு நாள் கடைத்தெரு என்று ஓடிவிடும். திடீரென்று பார்த்தால் ஊர் திரும்ப இரண்டே நாள்தான் மிச்சம் இருக்கும். அப்போது என்ன செய்கிறோம்? துணியைத் துவைத்து மூட்டை கட்டுகிறோம். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க டோடோலும் கூலா மெலாகாவும் வாங்கக் கடைகடையாக ஏறி இறங்குகிறோம். கையில் காசும் குறைந்திருக்கும். பிள்ளைகள் ஒரு மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள்.

அந்தக் கடைசி இரண்டு நாளை நல்ல முறையில் கழிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. இதற்குப் பெரிய செலவு இல்லை. நடக்கக் காலும் கேட்கக் காதும் இருந்தால் போதும்.

தோட்டத்துப் பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டு, "நம்மவர்கள் இந்த நாட்டுக்கு எப்போது வந்தார்கள் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "தாத்தா காலத்தில் கப்பலேறி, பால்மரம் வெட்ட வந்தார்கள்" என்பான். அது பொய்யில்லை, ஆனால் கதையில் பாதிதான். பாதிக் கதையை மட்டும் தெரிந்து வளரும் பிள்ளை, 'நாம் நேற்று வந்தவர்கள்' என்று தனக்குள் சுருங்கிப் போகிறான். மீதிப் பாதி மலாக்கா வீதிகளிலே இருக்கிறது. அதைக் காட்டாமல் பிள்ளையைப் பஸ் ஏற்றலாமா?

முதல் நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே சென்ட் பால் குன்றுக்குப் போங்கள். அடிவாரத்தில் ஒரு பழைய கல் வாசல் தனியாக நிற்கும். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு கட்டிய கோட்டையின் வாசல்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். 1641இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றினார்கள். அவர்கள் பதித்த 1670 என்ற ஆண்டை வாசலின் மேலே காணலாம். பின்னர் வந்த ஆங்கிலேயர் 1807இல் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள். ஆக, இந்த ஒரு வாசலே மூன்று ஆட்சிகளைக் கண்டது.

படியேறி மேலே போனால் கூரையில்லாத பழைய மாதா கோயில். 1521இல் எழுந்த ஆலயம் அது. புனித சவேரியார் 1552இல் சீனக் கரையோரம் ஒரு தீவில் காலமானார். மறு ஆண்டு அவர் உடலை இங்கே கொண்டுவந்து சில மாதங்கள் அடக்கம் செய்து வைத்திருந்தார்கள்; பிறகு கோவாவுக்கு எடுத்துப் போனார்கள். அந்த வெறும் குழியை இன்றும் பார்க்கலாம். இதே சவேரியார்தான் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நம் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணி செய்தவர். தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் மலாக்காவுக்கும் அன்றே எவ்வளவு போக்குவரத்து இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

கீழே இறங்கியதும் திடலருகே சற்று நில்லுங்கள். 1956 பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனிலிருந்து திரும்பி, நாடு சுதந்திரம் அடையப்போகும் தேதியை மக்களுக்கு அறிவித்த இடம் இதுவே. முதல் நாளுக்கு இது போதும். பிள்ளைகளைக் களைப்படைய விடாதீர்கள்.

இரண்டாம் நாள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போங்கள். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து நம் வணிகர்கள் பருத்தித் துணிகளை ஏற்றிக்கொண்டு இந்த ஆற்று முகத்துக்கு வந்தார்கள். ஒரு பருவக்காற்று கப்பலைக் கொண்டுவந்து சேர்க்கும்; திரும்பிப் போக மறு பருவக்காற்று வீச வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் இங்கேயே தங்க வேண்டியதுதான். நாம் இரண்டு வாரம் விருந்தாடுகிறோம். அவர்கள் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். சுல்தான் காலத்தில் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்ட நான்கு ஷாபந்தர்களில் ஒருவருக்குச் சோழமண்டலக் கரை வணிகரைக் கவனிக்கும் பொறுப்பும் இருந்தது என்றால், நம்மவர் வாணிகத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

அப்படித் தங்கியவர்களில் சிலர் இங்குள்ள பெண்களை மணந்து நிலைத்துவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே மலாக்கா செட்டிகள். வட்டித் தொழிலுக்குப் பிற்காலத்தில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. துக்காங் எமாஸ் சாலையில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் இவர்கள் எழுப்பியது. அதே சாலையில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மூன்று சமயத்தாரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் மணியோசையை ஒருவர் கேட்டு வாழ்ந்த தெரு இது.

அந்தப் பள்ளிவாசலின் பெயரில் 'கெலிங்' என்ற சொல் வரும். பெரிய பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பள்ளியில் அதை ஏச்சாகக் கேட்டிருப்பார்கள். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முன்பு அது தென்னிந்தியக் கரையிலிருந்து கடல்கடந்து வந்தவர்களைக் குறித்த பெயர். ஏச்சாக மாறியது பிற்காலத்தில். பெயரின் பழைய பொருள் தெரிந்த பிள்ளை கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை.

மாலையில் காஜா பெராங்கில் இருக்கும் செட்டி கம்பத்துக்குப் போய்வாருங்கள். அங்கே பெண்கள் கெபாயா உடுத்துவார்கள். வீட்டிலே பேசுவது மலாய். ஆனால் பொங்கல் உண்டு, மாரியம்மன் திருவிழா உண்டு, முன்னோருக்குப் படையல் உண்டு. பல தலைமுறை தாண்டியும் சாமியை விடாமல் காத்த அவர்களுடைய உறுதியை மதிக்க வேண்டும். அதோடு நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சமயம் நிலைத்த இடத்திலும் மொழி நழுவிப் போகலாம். தோட்டத்தில் தமிழ் இத்தனை காலம் நின்றதற்கு லயத்துப் பேச்சும் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் காரணம். இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோய்விட்டன. அங்கே லயம் இல்லை. ஆகவே வீட்டில் பேசினால்தான் தமிழ் நிற்கும், தாய்மார்களே.

இனி, பஸ் ஏறும் நாள். வண்டி புறப்பட்டதும் பிள்ளைக்கு இன்னொரு சேதி சொல்லுங்கள். பிரேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அதிலிருந்து 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அவர் சொல் கேட்டு, மலாக்காச் சீனர் தான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் கித்தா நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிய கதை மலாக்கா மண்ணில்தான் முளைவிட்டது. கித்தா இருந்த இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஆனாலும் விடியுமுன் எழுந்து வாளி தூக்கிய அந்தக் கைகளின் உழைப்பில்தான் இந்நாட்டின் சாலையும் துறைமுகமும் வளர்ந்தன.

ஆக, நம் கதைக்கு இரண்டு பாதி. துணி மூட்டையோடு வந்து காற்றுக்குக் காத்திருந்த வணிகர் ஒரு பாதி. பால்வாளியோடு காட்டுக்குள் நடந்த தொழிலாளி மறு பாதி. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று பிள்ளைகளை நினைக்கவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

பலகாரம் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை; அதற்கு ஒரு மணி நேரம் போதும். பள்ளி திறந்ததும் ஆசிரியர் "விடுமுறையில் எங்கே போனாய்?" என்று கேட்பார். உங்கள் பிள்ளை எழுந்து நின்று, பார்த்த இடங்களில் மூன்றை ஆண்டோடு சொல்லட்டும். அதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.