உண்பதும் உட்சேர்வதும்



தமிழாசிரியனுக்குக் குடலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் எண்ணக்கூடும். என் இல்லத்து நிகழ்வே அவ்வுரிமையைத் தந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் திருமலைப் படிகளில் ஏறுகையில் என் துணைவியார் மூச்சு வாங்கி அமர்ந்துவிட்டார். இரத்தத்தை ஆய்ந்த மருத்துவர், இரும்புச்சத்து மிகக் குறைவு என்றார். கீரையும் கேழ்வரகும் பயறும் தவறாத இல்லம் எங்களுடையது. "பிறகு எங்ஙனம் குறையும்?" என்றேன். "உணவு முடிந்ததும் என்ன அருந்துவீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

காபி. நாற்பது ஆண்டுகளாக, இலை எடுத்தவுடன் காபி. அவ்வழக்கத்தை அவருக்கு உண்டாக்கியவன் நானே.

உண்பது வேறு, உடலில் சேர்வது வேறு. இரும்பு பெரிதும் உட்கவரப்படும் இடம் சிறுகுடலின் முற்பகுதி. தாவர உணவிலுள்ள இரும்பு கரைந்த நிலையில் இருந்தால்தான் குடற்சுவர் அதனை ஏற்கும். காபியிலும் தேநீரிலும் உள்ள பாலிபீனால் என்னும் பொருள்களோ, அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு உட்புகவொட்டாமல் செய்துவிடுகின்றன. தேநீரில் நாவிற்குத் துவர்ப்பாகப் படுபவை இவையே.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், உணவோடு அருந்திய ஒரு குவளை காபி இரும்பு உட்சேர்வதை 39 விழுக்காடும், தேநீர் 64 விழுக்காடும் குறைத்தன. அவர்கள் உண்டது நாம் தீண்டாத புலாலுணவு, பொறுத்தருள்க. நமக்கு வேண்டிய செய்தி அடுத்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து அருந்திய காபியும் அதே அளவு தடுத்தது. ஒரு மணி நேரம் முன்னர் அருந்தியது தடுக்கவில்லை.

பயற்றிலும் தானியத்திலும் ஃபைட்டிக் அமிலம் உண்டு. விதை தன் பாஸ்பரசைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. இரும்பையும் துத்தநாகத்தையும் பிணித்து வைக்கும். ஊறவைத்தால் ஓரளவு குறையும். முளைகட்டினால் மேலும் குறையும். முளைகட்டியதை விலக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் காலையில் ஊறவைத்து, அந்நீரை வடித்து, மாலைக்குச் சமைக்கலாம்.

இவற்றினும் எளியது எலுமிச்சை. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் கரைநிலையில் காத்து, குடல் ஏற்கும் வடிவிற்கு மாற்றுகிறது. வெப்பம் அதனை அழிக்குமாதலால், பருப்பையோ கீரையையோ அடுப்பினின்று இறக்கிய பின்னரே பிழிய வேண்டும். நெல்லிக்காயிலும் இச்சத்து மிகுதி.

மருத்துவர் மாத்திரையும் தந்தார். அதனையும் காபியோடு விழுங்கலாகாது என்றார். இப்போது எங்கள் இல்லத்தில் நண்பகல் உணவு பன்னிரண்டு மணிக்கு. காபி மூன்றரைக்கு. கதிரவன் மறையுமுன் உண்ணும் மாலை உணவு ஐந்தரைக்கு. முதல் மாதம் நண்பகலில் எனக்குத் தலை வலித்தது, அவருக்கு வலிக்கவில்லை. சென்ற தை மாதம் திருமலைப் படிகளில் எனக்கு முன்னே ஏறிச் சென்று, மேலே நின்று என்னை அழைத்தார்.